இரண்டு விரல் தள்ளி

ஒரு மிஷின் வாங்க ஒரு மனிதர் இத்தனை மாதம் எடுத்துக்கொள்வார் என்று அந்தத் தெருவில் யாரும் எதிர்பார்க்கவில்லை. வீடு வாங்குகிறவன்கூட இப்படி விசாரிக்க மாட்டான். வேலைக்குப் போகும்போது ஒரு கடை, திரும்பும்போது ஒரு கடை, சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் ஃபோனை நிமிர்த்தி வைத்துக்கொண்டு எங்கேயோ யாரோ வெல்டு வைக்கிற வீடியோ. எதிர்வீட்டுத் தையல்காரர் ஒருநாள் வாசலிலேயே மடக்கிக் கேட்டுவிட்டார், மிஷின் என்று ஒன்று நிஜமாகவே வரப் போகிறதா, இல்லை பேச்சோடு சரியா என்று. பல்லுக்காரர் சிரித்து மழுப்பிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பல்லுக்காரர் என்றால் பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சுக்குப் பல் செய்து கொடுக்கிற லேபில் இவருக்கு வேலை. ஊரில் பாதிப் பேர் எங்கள் மாமா பல்லால்தான் சிரிக்கிறார்கள் என்று அவருடைய மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான். பகல் முழுக்க அரிசி அளவு உலோகத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தால், சாயங்காலம் ஆள் உயர இரும்பைத் தொட்டால்தான் இவருக்கு அலுப்புத் தீரும். அதற்காகத்தான் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அதில் இரும்பு அறுக்கிற ஒரு கிரைண்டர், மேசையில் பதித்த ஒரு பெரிய இடுக்கி, ஒரு சின்ன வெல்டிங் மிஷின். பெட்டி மாதிரி ஒரு கையில் தூக்கிக்கொண்டு போகலாம். விசையை அழுத்தினால் மெல்லிய வயர் தானாக வெளியே வந்து உருகும். உருகுகிற இடத்தைச் சுற்றி சிலிண்டரிலிருந்து வருகிற கேஸ் குடை பிடித்தது போல மூடிக்கொள்ளும். குடை இல்லாவிட்டால் காற்று புகுந்து, வெல்டு பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாகப் போய்விடும். மிஷினைத்தான் ஒரு கையில் தூக்கலாம். சிலிண்டரை அசைக்க இரண்டு ஆள் வேண்டும்.

அந்த மிஷினில் அவர் செய்யாதது இல்லை. தையல்காரர் வீட்டு ஜன்னல் கம்பி, பள்ளிக்கூடத்துக்கு சைக்கிள் நிறுத்தம், மனைவிக்குச் செடி வைக்க அடுக்கு. யாரிடமும் எதுவும் வாங்க மாட்டார். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனிதர் அன்றைக்கு முழுக்கத் தரையில் நடக்க மாட்டார். அப்படிப்பட்டவருக்கு அந்தச் சின்ன மிஷினைக் கண்டாலே ஆகாமல் போனது அக்கா விழுந்த நாளிலிருந்துதான்.

அக்கா அவருக்குக் கூடப் பிறந்த ஒரே ஆள். இவர் படித்து முடிக்கிற வரைக்கும் தையல் மிஷின் மிதித்தவள். அவள் புருஷன் கப்பல் வேலைக்காரர். வருஷத்தில் பாதி கடலில்தான். நாலு தெரு தள்ளி அவள் வீடு. மொட்டை மாடிக்குப் போக அங்கே ஒரு மர ஏணி மட்டும் இருந்தது. துணிக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவள் அந்த ஆட்டம் காண்கிற ஏணியில் ஏறுவதைப் பார்த்துவிட்டு, நான் இரும்பில் படி செய்து தருகிறேன் என்று இவர் வாயைக் கொடுத்தார். பல் செய்கிற கையால் படி செய்தால் ஏறும்போது கடித்து வைக்குமே என்று அக்கா கேலி செய்தாள். செய்யாதே என்று சொல்லவில்லை.

இவர் சுவரை அளந்து, மேலே போல்ட்டுக்கு ஓட்டை போட வேண்டிய இரண்டு இடத்தில் பென்சிலால் கூட்டல் குறி போட்டுவிட்டு வந்தார். அளவு விஷயத்தில் இவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மயிரிழை பிசகினால் லேபில் அந்தப் பல்லைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டும். கொட்டகையில் ஒரு மழைக்காலம் முழுக்க அந்தப் படியைச் செய்தார். படியின் மேல்முனையைச் சுவரோடு போல்ட் போட்டுப் பிடிக்க இரண்டு தடித்த பிளேட். சின்ன மிஷினுக்குத் தடித்த இரும்பு கஷ்டம்தான், ஆனால் அதற்கும் அவரிடம் வழி இருந்தது. ஓரத்தைச் சாய்வாகச் செதுக்கிப் பள்ளம் பறிப்பார். பிறகு அடுப்பு பர்னரால் பிளேட்டைக் கை வைக்க முடியாத சூட்டுக்குக் கொண்டு வருவார். அச்சைச் சூடாக்காமல் உலோகம் ஊற்றினால் பல் உருப்படாது, அதே பழக்கம்தான். அப்புறம் பள்ளத்தை நிரப்பி வெல்டு. வைத்த வெல்டைத் தேய்க்க மாட்டார். மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக இருப்பதைத் தேய்த்து மழுக்குவது பாவம் என்பார்.

படியைக் கொண்டுபோய் மாட்ட வேண்டிய நாளில் லேபில் ஓர் அவசர வேலை வந்து தொலைத்தது. வேன் சொல்லியாகிவிட்டது. நான் போய் மாட்டிவிட்டு வருகிறேன் மாமா என்று மச்சினன் முன்னால் வந்தான். ஒத்தாசைக்கு மனைவியும் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வேனில் ஏறிக்கொண்டாள். அன்று சாயங்காலம் இவர் திரும்பியபோது எல்லாம் முடிந்து மச்சினன் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். அப்படியே அளவெடுத்த செருப்பு மாதிரி போய் உட்கார்ந்துகொண்டது என்றான். மறுநாள் இவர் போய்ப் பார்த்தார். ஒரு பக்க வெல்டு மட்டும் மொழுமொழுவென்று தேய்த்துப் பெயிண்ட் அடித்திருந்தது. அழகுக்காகத் தேய்த்தேன் என்று மச்சினன் சொன்னான். இவருக்கு மனசுக்குள் கொஞ்சம் வருத்தம், இருந்தாலும் சின்னப் பையன் ஆசைப்பட்டுச் செய்தது என்று விட்டுவிட்டார். அன்றைக்கு அந்தப் படியில் எத்தனை தடவை ஏறி இறங்கினார் என்று கணக்கே இல்லை.

கோடை முடிகிற சமயத்தில், ஈரத்துணிக் கூடையோடு அக்கா மேல்படியில் கால் வைத்தபோது அந்தத் தேய்த்த பக்கம் பிய்ந்தது. தொடை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்று இவர் சொன்ன வார்த்தைகள் அவருக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. என் வெல்டுதான் அக்கா, மிஷின் சின்னது, தடிச்ச இரும்புல உள்ள பிடிக்கல, என்னை மன்னிச்சிடு என்றார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். நீ போ என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவ்வளவுதான். வருஷம் ஒன்றாகப் போகிறது, அதற்குப் பிறகு அவரிடம் பேசவில்லை.

இடையில் தூது போனது மனைவிதான். சனிக்கிழமை தவறாமல் போவாள். அக்காவுக்கு முதுகு தேய்த்துக் குளிப்பாட்டுவாள், துணி துவைப்பாள், வாரத்துக்கு வேண்டியதைச் சமைத்து வைப்பாள். சொந்தத் தங்கைகூட இப்படிச் செய்ய மாட்டாள் என்று தெருவே மெச்சியது. நானும் வருகிறேன் என்று இவர் செருப்பை மாட்டும்போதெல்லாம், இப்ப வேண்டாங்க, உங்க பேச்சை எடுத்தாலே அண்ணி முகம் மாறுது, ஆறட்டும் என்பாள். இவரும் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிடுவார். எனக்காக அவள் அங்கே போய்த் தலை குனிந்து நிற்கிறாளே என்று மனசு உருகிப் போகும்.

பெரிய மிஷின் யோசனையும் அவளுடையதுதான். பெரிசா ஒண்ணு வாங்கி, புதுசா படி செஞ்சு கொண்டு போய் நிறுத்துங்க, அதைப் பார்த்தா அண்ணி மனசு இறங்கும் என்றாள். அந்தப் பேச்சு இவருக்கு மருந்து மாதிரி இருந்தது. ஆனால் பாருங்கள், எந்த மிஷினைச் சொன்னாலும் அவளுக்கு ஏதாவது ஒரு குறை தட்டுப்பட்டது. ஒன்று சத்தம் அதிகம். ஒன்றைப் போட்டால் வீட்டு விளக்கெல்லாம் மங்கும். இன்னொன்றுக்கு த்ரீ ஃபேஸ் கரண்ட் வேண்டும், கரண்ட் ஆபீஸுக்கு யார் அலைவது? அவசரமில்லையே, இன்னும் ரெண்டு கடை பாருங்க என்பாள். வெல்டிங் பற்றி ஒன்றும் தெரியாதவள் தனக்காக இவ்வளவு யோசிக்கிறாளே என்று இவர் அதையும் அன்புக் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டார்.

கடைசியில் சந்தைப் பக்கம் ஒரு கடைக்காரர் மாட்டினார். வாய் ஓயாதவர். விற்கிற ஒவ்வொரு மிஷினையும் பெற்ற பிள்ளை போலத் தட்டிக் கொடுத்துப் பேசுவார். மச்சினனும் கூட வந்திருந்தான். அவனுக்குப் போன மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது, புதுச் சட்டையில் மினுக்கிக்கொண்டு இருந்தான். வீட்டுக் கரண்டிலேயே ஓடுகிற இருநூறு ஆம்பியர் ஒன்று, த்ரீ ஃபேஸில் நாள் முழுக்கச் சளைக்காமல் ஓடுகிற இருநூற்றைம்பது ஒன்று. இரண்டுக்கும் நடுவில் பல்லுக்காரர் திண்டாடினார். பெரிசையே எடுங்க மாமா, ஒரேயடியா வேலை முடிஞ்சுது என்று மச்சினன் அவசரப்படுத்தினான்.

எதை ஒட்டப் போகிறீர்கள், முன்னால் எது விட்டுப்போனது என்று கடைக்காரர் கேட்டார். இவர் படிக் கதையைச் சொன்னார். கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"சார், விட்டுப்போன துண்டு இருக்கா? இருந்தா சுரண்டிப் பாருங்க. கோளாறு ஆம்பியர்லயா, கையிலயான்னு அதுவே சொல்லிடும். ஆம்பியர்னா பெரிசு தர்றேன். கைன்னா எவ்வளவு பெரிசு வாங்கினாலும் அப்படித்தான் விடும், அப்புறம் திருப்பிக் கொண்டு வந்து என் உயிரை வாங்குவீங்க. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் ரெண்டையும் யாருக்கும் குடுக்காம வெச்சிருக்கேன்."

வழியெல்லாம் மச்சினன் நச்சரித்துக்கொண்டே வந்தான். அதையெல்லாம் எதுக்கு மாமா கிளறணும், பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுத் தொலைங்கன்னு அன்னைக்கே சொன்னேன், பார்த்தா உங்களுக்குத்தான் மனசு கஷ்டப்படும் என்றான். விழுந்த படியைக் கழற்றி எடுத்து வந்து கொட்டகை மூலையில் சாக்குப் போட்டு மூடியதும் அவன்தான். தன் மனசுக்காகப் பையன் கவலைப்படுகிறான் என்று இவர் அவன் தோளில் தட்டிக் கொடுத்தார். அதை நினைத்தால் எனக்கே இப்போதும் ஆத்திரமாக வருகிறது.

மறுநாள் சனிக்கிழமை. மனைவி வழக்கம்போலப் பாத்திரத்தைத் துணியில் பிடித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குக் கிளம்பிப் போனாள். காலையிலேயே வெயில் ஏறிக் கொட்டகைத் தகரம் படபடவென்று சத்தம் போட்டது. இவர் சாக்கை விலக்கி, விட்டுப்போன பிளேட்டை இடுக்கியில் பிடித்துக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்க ஆரம்பித்தார்.  ஒரு வருஷமாக அந்த மூலைப் பக்கம் அவர் கண்ணைத் திருப்பியதில்லை.

பெயிண்ட் உதிர்ந்தது. அடியில் சாம்பல் நிறத்தில் என்னவோ கட்டி கட்டியாகப் பெயர்ந்து வந்தது. விரலில் எடுத்து நசுக்கினார். பட்டி. மரச்சாமானில் ஓட்டை அடைக்கிற பட்டி. இரும்புப் படிக்கு இவர் எதற்குப் பட்டி பூசப் போகிறார்? முழுக்கச் சுரண்டினார். உள்ளே வெல்டு முழுவதும் குண்டூசித் துளைகள். லேபிலிருந்து கொண்டு வந்த பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தார். பார்க்கவே வேண்டியதில்லை. கேஸ் இல்லாமல் வைத்த வெல்டு அது. ஒருமுறை பாதி வேலையில் சிலிண்டர் தீர்ந்தபோது, புதுசு வருகிற வரைக்கும் ஒரு வாரம், செய்துகொண்டிருந்த கதவை அப்படியே போட்டுவைத்த மனிதர் இவர்.

முதலில் அவர் தன்னைத்தான் சந்தேகப்பட்டார். நானா? எப்போது? சாக்குக்குள்ளிருந்து மற்ற பிளேட்டையும் எடுத்து அதையும் தேய்த்தார். அதில் அவர் கை தெரிந்தது. செதுக்கிய சாய்வு, நிரம்பிய பள்ளம், செதில் செதிலாக வெல்டு. அது விடவே இல்லை. கழற்றும்போது மச்சினன் கிரைண்டரால் அறுத்துத்தான் எடுத்திருக்கிறான். திரும்பவும் முதல் பிளேட்டுக்கு வந்தார். இதில் சாய்வு இல்லை. மொட்டை இரும்பின் மேல் மேலோட்டமாக அப்பியிருந்தது. அதற்கு இரண்டு விரல் தள்ளி, தேய்த்து மட்டமாக்கிய ஒரு பட்டையான தடம். அந்தத் தடத்தில்தான் இவர் பறித்த பள்ளம் இருந்தது. இவர் வைத்த வெல்டை அறுத்து எடுத்துவிட்டு, இரண்டு விரல் தள்ளி யாரோ புதிதாக ஒட்டியிருக்கிறார்கள்.

கொட்டகையில் ஒட்டியிருந்தால் சிலிண்டர் பக்கத்திலேயே இருந்திருக்கும். சிலிண்டரைத் தூக்க முடியாமல் மிஷினை மட்டும் கொண்டுபோன இடத்தில் ஒட்டியது. அன்றைக்கு அக்கா வீட்டில். மச்சினன்.

ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்தப் பயல் ஒரு வருஷமாக இதே ஸ்டூலில் உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறான். நீங்க என்ன மாமா செய்வீங்க, மிஷினோட கோளாறு என்று ஆறுதல் சொல்லியிருக்கிறான்.  ஆனாலும் ஒரு பாரம் இறங்கியதும் அவருக்குத் தெரிந்தது. அக்கா விழுந்தது என் கையால் இல்லை. இதை இப்போதே அவளிடம் போய்ச் சொல்ல வேண்டும். தட்டினால் கதவைத் திறக்கிறாளோ இல்லையோ, வாசலில் நின்றாவது சொல்ல வேண்டும். பிளேட்டைப் பழைய சட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு, பெயிண்ட் தூள் படிந்த கையோடு அப்படியே நடந்தார்.

கதவைத் திறந்தது மனைவி.

ஒரு கையில் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம். அதைப் பிடித்திருந்தது அவர்கள் வீட்டுச் சமையலறை ஆணியில் எப்போதும் தொங்குகிற தடித்த துணி. அதில் பழுப்பு நிறத்தில் பொட்டுப் பொட்டாக ஓட்டைகள். ஒரு வருஷமாக அவர் தினமும் பார்க்கிற துணிதான். அடுப்பு தெறித்துவிட்டது என்று அவள் எப்போதோ சொல்லியிருந்தாள். அடுப்பு எங்கேயாவது அப்படித் தெறிக்குமா? இவருடைய பழைய சட்டைகள் அத்தனையிலும் இதே ஓட்டைகள்தான் இருக்கின்றன. வெல்டு வைக்கும்போது தெறிக்கிற பொறி. சூடான பிளேட்டை நேராகப் பிடித்துக்கொள்ள அன்றைக்கு யாரோ ஒருவர் வேண்டியிருந்திருக்கும்.

அவர் துணியைப் பார்ப்பதை அவளும் பார்த்தாள். கையில் இருந்த மூட்டையையும் பார்த்தாள். அண்ணி தூங்குறாங்க, அப்புறம் வாங்க என்று சொல்லிக் கதவைப் பாதி மறித்தாள். 

"யாரது?" என்று உள்ளேயிருந்து அக்கா கேட்டாள்.

அவர் உள்ளே போனார். அக்கா ஜன்னலோரம் நாற்காலியில், ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். தலைமுடி நரைத்துப் போயிருந்தது. அவர் மேசையில் பிளேட்டை வைத்துத் துணியைப் பிரித்தார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"அக்கா, இது என் வெல்டு இல்ல."

"தெரியும்," என்றாள் அக்கா.

அவருக்குப் புரியவில்லை. திரும்பவும் அதையே சொன்னார்.

"அதான் தெரியும்னு சொல்றேனே. என் கண்ணு முன்னாடிதானே அறுத்தான். என் வீட்டுக் கரண்ட்லதானே ஒட்டினான். ஓட்டைக்கு நேரா உக்காரல, மாமா அளவு தப்பா எடுத்துட்டாருன்னான். ஒட்டலாமான்னு உனக்கு ஃபோன் பண்ணிக் கேட்டானாம், நீ சரின்னு சொல்லிட்டியாம். நான்தான் அவனுக்குத் தண்ணி கொண்டு போய்க் குடுத்தேன்."

"அப்ப ஏன் நீ ஒரு வார்த்தை எங்கிட்ட..."

"மறுநாள் வந்து சின்னப் புள்ள மாதிரி ஏறி ஏறி இறங்கினியேடா. அளவு தப்பினதைச் சொல்லிக் காட்டினா முகம் வாடிடுவேன்னு விட்டுட்டேன். சரி, அது போகட்டும். ஆஸ்பத்திரில வந்து நின்னு என்ன சொன்னே? என் வெல்டு, என் மிஷின் சின்னதுன்னே. கால் ஒடஞ்சு கெடக்கிறேன். கூடப் பொறந்தவன் என் மூஞ்சிக்கு நேரா நின்னு மச்சினனுக்காகப் பொய் சொல்றான். என் காலை விட அவன் உனக்குப் பெரிசாப் போயிட்டான்னு நெனச்சேன். கால் வலி ஆறிடுச்சு. அது ஆறல."

 வருஷம் முழுக்க அவள் கோபம் வெல்டின் மேல் என்று நினைத்திருந்தார். அவர் உண்மை என்று நம்பிச் சொன்ன மன்னிப்புதான் அவளுக்குத் துரோகமாகத் தெரிந்திருக்கிறது.

"அவன் எனக்கு ஃபோன் பண்ணவே இல்லக்கா. எனக்குத் தெரியாது. இன்னைக்குக் காலையிலதான் தெரியும்."

"பொய் சொல்லாதே. உன் பொண்டாட்டி பக்கத்துல நின்னு பிடிச்சுக்கிட்டு இருந்தாளே. அவ உங்கிட்ட சொல்லலையா?"

"சொல்லல."

"ஒரு வருஷமாவா?"

 அக்கா அவர் முகத்தையே பார்த்தாள். சின்ன வயசில் அவர் பொய் சொல்கிறாரா என்று பார்க்கிற அதே பார்வை. பிறகு அந்தப் பார்வை அவர் தோளைத் தாண்டிப் பின்னால் போய், கதவருகே பாத்திரத்தோடு நின்றவள் மேல் விழுந்தது.

"அவனுக்குத் தெரியாதா?" என்று அக்கா அவளைக் கேட்டாள்.

மனைவி பாத்திரத்தைக் கீழே வைத்தாள். துணியை மட்டும் கையிலேயே சுருட்டிக்கொண்டாள்.

"அப்பதான் தம்பிக்குப் பொண்ணு முடிவாகியிருந்துச்சு. இப்படின்னு தெரிஞ்சா அவங்க வீட்டுல குடுப்பாங்களா? கல்யாணம் முடியட்டும், சொல்லிடலாம்னுதான் இருந்தேன். முடிஞ்சப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல." இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க ரெண்டு பேரும் கூடப் பொறந்தவங்க. இன்னைக்கு இல்லன்னாலும் ஒருநாள் சேர்ந்துக்குவீங்க. அவனுக்கு என்னை விட்டா யாரு இருக்கா?"

அவள் அழவில்லை. அவள் சொன்னதில் பொய்யும் இல்லை. அதுதான் பல்லுக்காரருக்குத் தாங்க முடியாமல் இருந்தது. செருப்பை மாட்டிய காலை எத்தனை சனிக்கிழமை இவள் பேச்சைக் கேட்டுப் பின்னால் இழுத்திருக்கிறார்! அக்காவும் அவரும் ஒருமுறை வாய் விட்டுப் பேசியிருந்தால் போதும், எல்லாம் வெளியே வந்திருக்கும். வரக் கூடாது என்றுதான் வாராவாரம் இவள் நடுவில் வந்து நின்றிருக்கிறாள். மிஷினில் குறை கண்டுபிடித்துக்கொண்டே இருந்ததும் அதற்குத்தான். புதுப் படி செய்து முடித்தால் இவர் இங்கே வந்துவிடுவாரே.

"ராத்திரியெல்லாம் அவரு தூங்குறதில்ல அண்ணி, எழுந்து உக்காந்துக்கிறாருன்னு என் முதுகைத் தேச்சுக்கிட்டே சொன்னியே," என்றாள் அக்கா. குரல் மெதுவாகத்தான் வந்தது. "மச்சினனுக்காகச் சொன்ன பொய் உறுத்துது, நல்லா உறுத்தட்டும்னு நான் இருந்தேன். செய்யாத தப்புக்கு அவன் உக்காந்திருக்கான். நீ அவன் பக்கத்துல படுத்துக்கிட்டு, அதைப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கே."

 பல்லுக்காரரின் ஃபோன் அடித்தது. எடுத்தால் மிஷின் கடைக்காரர். துண்டைச் சுரண்டிப் பார்த்தீங்களா சார், மத்தியானம் ஆகுது, இருநூறுக்கு இன்னொரு ஆள் வந்து நிக்கிறார், கோளாறு ஆம்பியர்லயா கையிலயா என்று மூச்சு விடாமல் கேட்டார்.

"ரெண்டுலயும் இல்ல. அவருக்கே குடுத்துடுங்க. எனக்குப் பெரிசு வேண்டாம்."

மறுபக்கம் கடைக்காரர் இன்னும் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தார். இவர் ஃபோனை வைத்துவிட்டார்.

மனைவி துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றாள். வழக்கமாக எங்கேயாவது போய்விட்டு இரண்டு பேரும் சேர்ந்து திரும்பும்போது நிற்பது போலவே, அவருக்காகக் காத்து நின்றாள். அவரும் ஒரு கணம் எழுந்து அவள் பின்னால் போகப் பார்த்தார், இருபது வருஷப் பழக்கம். பிறகு நின்றார்.

"நீ போ," என்றார். "எனக்கு இங்க அளவெடுக்கிற வேலை இருக்கு."

அவள் தெருவில் இறங்கிப் போகிற செருப்புச் சத்தம் கேட்டது. நேராக வீட்டுக்குப் போகிறாளா, தம்பி வீட்டுக்குப் போகிறாளா என்று ஒரு கேள்வி அவர் மனசில் வந்தது. இனிமேல் எதற்கெடுத்தாலும் இப்படித்தான் கேள்வி வரப் போகிறது என்றும் அவருக்குத் தெரிந்துவிட்டது. இருபது வருஷத்தில் அவள் எங்கே போகிறாள் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. அந்த நிம்மதியை எடுத்துக்கொண்டுதான் அவள் போனாள்.

"படி மறுபடி செய்வியா?" என்று அக்கா கேட்டாள்.

"செய்றேன்."

"மாட்டுறதுக்கு யாரையும் அனுப்பாதே. நீயே வா."

அவர் தலையாட்டிவிட்டு, அக்காவின் தையல் பெட்டியிலிருந்து அளவு டேப்பை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். விழுந்ததற்குப் பிறகு இந்தச் சுவரை அவர் பார்க்கவே இல்லை. வெயிலும் மழையும் பட்டுச் சுவர் முழுக்க நிறம் மங்கியிருந்தது. மேலே பிளேட் மூடியிருந்த இரண்டு இடம் மட்டும் பழைய சுண்ணாம்பு வெள்ளையில் சதுரம் சதுரமாகப் பளிச்சென்று தெரிந்தது. பழைய மர ஏணியைச் சாய்த்து, ஜாக்கிரதையாக ஏறினார்.

இடப்பக்கச் சதுரத்தில் அவர் போட்ட பென்சில் குறியின் கோடுகள் ஓட்டையின் நாலு பக்கமும் நீண்டு நின்றன. ஓட்டை குறியின் நட்டநடுவில் விழுந்திருந்தது. வலப்பக்கச் சதுரத்தைப் பார்த்தார். அவருடைய கூட்டல் குறி அழியாமல் முழுசாக இருந்தது. அதன் மேல் யாரும் ஓட்டை போடவே இல்லை. ஓட்டை, குறிக்கு இரண்டு விரல் தள்ளி இருந்தது.

அவர் டேப்பை நீட்டி ஒருமுறை அளந்தார். நம்பாமல் இன்னொரு முறை அளந்தார். குறி இருந்த இடம்தான் சரி. மச்சினன் ஓட்டையைத் தப்பாகப் போட்டுவிட்டு, அதற்கு ஏற்றபடி நல்ல வெல்டை அறுத்திருக்கிறான். இன்னொரு ஓட்டை போட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். அறுத்திருக்கவே வேண்டாம்.

ஜன்னல் வழியாக அக்கா எட்டிப் பார்த்தாள். ஏணியிலேயே அசையாமல் நிற்கிறானே என்று பயந்துவிட்டாள்.

"என்னடா, அளவு தப்பா?"

"இல்லக்கா," என்றார் அவர். "சரியாத்தான் இருந்திருக்கு."

அதைச் சொல்லும்போதுதான் அவருக்கு அழுகை வந்தது.